எட்டு கஜம்

எட்டு கஜ நீளம், ஒரு கஜ அகலம். 36 அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் எட்டுக் கைக்குட்டைகள் வரும். பாவிலும் ஊடையிலும் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் கட்டமாக விழுந்திருக்கும். ஐரோப்பிய வணிகர்களின் கணக்குப் புத்தகங்களில் 'மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' என்று ஏறியது இதுதான். நம் ஊரில் இதற்கு அவ்வளவு பெரிய பெயர் கிடையாது. இடுப்பில் சுற்றினால் கைலி, தோளில் போட்டால் துண்டு, கிழிந்துபோனால் கரித்துணி.

இந்தத் துணி போய்ச் சேர்ந்த இடங்களைக் கேட்டால் நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் பெரியவர்களின் சாவில் பிணத்தைக் கிடத்தும் கட்டிலை இதைக் கொண்டு அலங்கரிக்கிறார்கள். கரீபியன் கடலில் மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா ஆகிய தீவுகளில் பெண்களின் பாரம்பரிய உடை இது. மலேசியாவில் அந்தி நேரத்தில் பள்ளிவாசலுக்குப் போகிறவர் கட்டியிருக்கும் கைலியை இன்றும் 'கைன் பெலிக்காட்' என்பார்கள், அதாவது பழவேற்காட்டுத் துணி. அமெரிக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் 1960களின் கோடைச் சட்டை மெட்ராஸ் சட்டைதான்.

ஒரே துணி ஓரிடத்தில் பிணத்துக்கு மரியாதை, ஓரிடத்தில் அடிமையின் விலை, ஓரிடத்தில் பணக்காரப் பிள்ளையின் உல்லாசம். இதன் பின்னாலேயே போய்ப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்விதான் எல்லா ஊரிலும் எழுகிறது. இந்த வியாபாரத்தில் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போக யாரால் முடிந்தது, யாரால் முடியவில்லை?

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613இல். ஜாவாவிலும் மொலுக்கஸ் தீவுகளிலும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமென்றால் கையில் சோழமண்டலத் துணி இருக்க வேண்டும். வெறும் வெள்ளிக் காசை அங்கே அவ்வளவாக மதிக்கமாட்டார்கள். ஆங்கிலேயர் 1639இல் மெட்ராஸ் கடற்கரையில் ஒரு மணல் திட்டை வாங்கியதற்கும் காரணம் துணிதான். துறைமுகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கப்பல் கரைக்கே வராது, மசூலாப் படகில்தான் சரக்கு ஏற்ற வேண்டும். இருந்தும் அந்த வட்டாரத்தில் துணி மலிவு என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டே கணக்குப் போட்டார்.

பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலங்களில் விலைபோன மனிதர்களையும் டச்சுக் கப்பல்கள் இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்கு ஏற்றிச் சென்றன. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கடல் கடந்த அடிமை வாணிபம் ஆப்பிரிக்காவின் சங்கதி மட்டும் என்று நினைத்துக்கொள்ள நமக்கு வசதியாகத்தான் இருக்கும்.

அந்தக் காலத்து நெசவாளி எப்படி வேலை செய்தார்? வணிகர் முன்பணம் கொடுப்பார். நெசவாளி அதில் நூல் வாங்குவார், மீதியில் அரிசி வாங்குவார், துணியை நெய்து கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பார். மேலோட்டமாகப் பார்த்தால் கடனாளி. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை இந்தக் கடனில் நெசவாளியின் கைதான் ஓங்கியிருந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை எப்போது வேண்டுமானாலும் முறித்துக்கொள்ள நெசவாளியால் முடிந்தது. பணம் கொடுத்த வணிகரால் அப்படி முறித்துக்கொள்ள முடியவில்லை. ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், டேனியர் என்று வாசலில் வாங்குகிறவர்கள் பலர் நின்றார்கள். ஒருவர் கெடுபிடி செய்தால் இன்னொருவருக்கு நெய்யலாம். பஞ்சு விலை ஏறினால் நெசவாளி சத்தமில்லாமல் இழையைக் குறைத்துவிடுவார். இந்தத் துணி சல்லடையாக இருக்கிறது என்று கோட்டையில் வெள்ளைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

வரி கூடினாலோ அதிகாரி தொல்லை கொடுத்தாலோ ஊரையே காலிசெய்துவிட்டுப் போவார்கள். தறியை ஒருமுறை உற்றுப் பார்த்தால் இது ஏன் சாத்தியமானது என்று புரியும். நாலு கம்பு, இரண்டு மிதிபலகை, அச்சு, விழுது, நாடா, பாவைச் சுற்றும் ஒரு உருளை. எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டினால் ஒரு வண்டிகூட நிறையாது. கால் வைக்கும் குழியைத் தூக்கிச் செல்ல முடியாது, ஆனால் குழியை எந்த ஊரிலும் ஒரு பொழுதில் தோண்டிவிடலாம். அதனால் நெசவாளரைப் பிடித்து வைக்க ராஜாக்களும் கம்பெனியும் சலுகை கொடுத்தார்கள். 1734இல் மெட்ராஸ் கவர்னர் ஜார்ஜ் மார்டன் பிட், சுங்குராம செட்டியின் தோட்டத்தை எடுத்து நெசவாளருக்கும் நூற்பவருக்கும் வெளுப்பவருக்கும் என்று ஒரு புதுக் குடியிருப்பு அமைத்தார். அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. ஆட்டோ உதிரிபாகக் கடைகளுக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் நடுவில் நடக்கிற யாருக்கும் அங்கே தறிச் சத்தம் கேட்ட காலம் நினைவுக்கு வராது.

பொற்காலம் என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். அதே காலத்தில் செங்கல்பட்டுச் சீமையில் வயலில் உழைத்த பறையருக்கும் தஞ்சைப் பண்ணைகளில் உழைத்த பள்ளருக்கும் இந்த எழுந்துபோகும் உரிமை கிடையாது. நிலத்தோடு சேர்த்து ஆளையும் கைமாற்றிய ஓலைகள் இருக்கின்றன. கைக்கோளர், தேவாங்கர், சாலியர் என்று சாதிக் கட்டுக்கோப்போடு இருந்தவர்களால் கூட்டமாகப் பேரம் பேச முடிந்தது. அவர்களுக்கு நூல் நூற்றுக் கொடுத்த பெண்களுக்கு, அதிலும் விதவைகளுக்கு, அந்தப் பேரத்தில் என்ன கிடைத்தது என்று எந்தக் கம்பெனிக் கடிதமும் கவலைப்படவில்லை. ஏற்றத்தாழ்வை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை. இங்கே இருந்ததை எடுத்து, அதன்மேல் கோட்டையும் கோர்ட்டும் கட்டினான்.

கம்பெனி வணிகராக இருந்தவரை நெசவாளியின் பாடு பரவாயில்லை. 1760களில் வடசர்க்காரும் செங்கல்பட்டு ஜாகீரும் கைக்கு வந்து, கம்பெனியே அரசாங்கமானதும் நிலைமை தலைகீழாயிற்று. இடையில் இருந்த உள்ளூர் வணிகர் விலக்கப்பட்டார், அவர் இடத்தில் கம்பெனி குமாஸ்தாவும் சேவகர்களும் வந்தார்கள். முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. திருப்பிக் கொடுத்துவிட்டு விலகவும் கூடாது. தறி வாசலில் ஆள் நிறுத்துவார்கள், அந்த ஆளின் படியையும் நெசவாளியே கொடுக்க வேண்டும். மொதர்பா என்ற தொழில்வரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தறியின் மேல் உட்கார்ந்திருந்தது. முன்பணம் அதே முன்பணம்தான். கொடுத்தவன் கையில் இப்போது தடியும் சட்டமும் இருந்தன.

இனித் துணியோடு கப்பல் ஏறுவோம். இங்கிலாந்தில் கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் போட்ட கூச்சலில், அச்சடித்த இந்தியப் பருத்தித் துணியை உள்நாட்டில் உடுத்தக் கூடாது என்று 1700இலும், இன்னும் கடுமையாக 1721இலும் சட்டம் வந்தது. ஆனால் லண்டனுக்குக் கொண்டுவந்து ஏலம்விட்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடையில்லை. லெடன்ஹால் தெருவில் கம்பெனியின் தலைமையகத்தில் ஏலம் நடக்கும். அங்கே மெட்ராஸ் துணியை எடுத்தவர்களில் முக்கியமானவர்கள் லண்டன், பிரிஸ்டல், லிவர்பூல் நகரங்களின் அடிமை வணிகர்கள்.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு மனிதனின் விலை ஒரு சரக்கில் முடியாது. இத்தனை துணி, இத்தனை துப்பாக்கி, இரும்புப் பாளம், பித்தளை வளையம், சாராயம், சில ஊர்களில் மாலத்தீவுச் சோழிகள் என்று ஒரு தொகுப்பாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் முதலிடம் துணிக்கு. அதிலும் இந்தியத் துணிக்கு எப்போதும் கிராக்கி. நிறம் பிசகினால், கட்டத்தின் அளவு மாறினால் வாங்கமாட்டார்கள். மான்செஸ்டர்காரர்கள் நம் கட்டங்களைப் போலவே நெய்து அனுப்பிப் பார்த்தார்கள். வேகாத வெயிலில் நிறம் போய்விடுகிறது என்று ஆப்பிரிக்க வணிகர்கள் ஒதுக்கிவிட்டதாக அடிமை வணிகர்களே புகார் சொன்னார்கள். போனியிலும் பழைய கலபாரிலும் இருந்த வணிகக் குடும்பங்கள் லேசுப்பட்டவை அல்ல. அவர்களுக்கும் வேண்டாம் என்று சொல்லும் வசதி இருந்தது. கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கிடந்தவருக்கு இல்லை. அட்லாண்டிக்கைத் தாண்ட ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர்.

நெசவாளிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு. ஆனால் சோழமண்டலத்து நெசவாளியின் வயிற்றுக்குப் போன அரிசியில் ஒரு பிடி அந்தக் கப்பலின் லாபத்திலிருந்து வந்தது. இதை மறைத்துவிட்டு நம் துணியின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமில்லை.

கலபாரிப் பெண்கள் இந்தத் துணியை அப்படியே கட்டிக்கொள்வதில்லை. நெய்து முடிந்து கடல் கடந்து வந்த துணியை மடியில் விரித்து, பேனாக் கத்தியாலோ சவரக் கத்தியாலோ குறிப்பிட்ட நூல்களை மட்டும் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். வெளிர் நிற நூல் போக அடர் நிற நூல் மிஞ்சும். பழைய கட்டத்துக்குள்ளிருந்து ஆமை ஓடு, சதுரங்கம் என்று புதிய உருவங்கள் எழும். பெலெத்தே பித்தே என்று இதற்குப் பெயர். கண்ணும் விரலும் பழகிய வேலை, ஒரு நூல் தவறினால் துணியே பாழ். உருவிய பிறகு துணி மெலிந்து மிருதுவாகிவிடும். குறிஞ்சிப்பாடியிலோ குடியாத்தத்திலோ பாவுக்கு இழை எண்ணிப் போடுகிற பெண்ணுக்கு, இழை எண்ணி எடுக்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் வேலை புரிந்துவிடும். அசல் மெட்ராஸைத் துணியின் வாசனையை வைத்தே அடையாளம் காண்பார்களாம். சாயமும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை அது.

கட்டத் துணியின் உடன்பிறப்பு ஒன்றும் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டது. அவுரியில் முக்கிய நீலத் துணி, பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் கினே. செனகல் ஆற்றங்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது துணியாக மட்டும் இருக்கவில்லை, பணமாகவே புழங்கியது. பாலைவனத்து மூர் வணிகர்கள் கருவேலப் பிசினைக் கொடுத்துக் கினே வாங்குவார்கள். அந்தப் பிசின் எதற்கு என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். ஐரோப்பாவின் ஆலைகளில் பருத்தித் துணியில் அச்சடிக்கும்போது சாயம் பரவாமலிருக்க அதைக் கெட்டிப்படுத்தப் பிசின் வேண்டும். ஆக, புதுச்சேரிக் கைத்தறித் துணியைக் கொடுத்து வாங்கிய பிசினில்தான், கைத்தறியைச் சந்தையிலிருந்து விரட்டிய ஆலைத் துணியின் பூக்கள் அச்சாயின.

அந்த ஆலைத் துணியும் நூலும் இங்கே இறங்கியபோது முதலில் அடிபட்டவர் நெசவாளி அல்ல. ஒரு தறிக்குத் தீனிபோடப் பல ராட்டைகள் சுற்ற வேண்டும், சுற்றியது பெண்கள். லங்காஷயர் நூல் மலிவாக வந்ததும் நெசவாளி அதை வாங்கிக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பிழைத்தார். ராட்டைக்காரிக்கு மாற்று இல்லை. இந்தியத் துணி பிரிட்டனுக்குள் போக விலையில் பாதிக்கும் மேல் சுங்கம் இருந்த காலத்தில், பிரிட்டிஷ் துணி இங்கே வருவதற்குச் சுங்கம் பேருக்குத்தான் இருந்தது. தாராள வணிகம் என்று அதற்குப் பெயர்.

கரீபியனுக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் வருவோம். அங்கே துணியின் கதை தலையில் ஏறுகிறது. 1786இல் ஸ்பெயின் ஆட்சியிலிருந்த லூசியானாவின் கவர்னர் மீரோ ஓர் உத்தரவு போட்டார். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்துக்கொண்டு வெளியே வரக் கூடாது, துணியால் மறைத்துக் கட்ட வேண்டும். சுதந்திரமான கறுப்புப் பெண்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குச் சமமாக நடமாடுவது பலர் கண்ணை உறுத்தியது, அதுதான் காரணம். பெண்கள் கட்டினார்கள். பளிச்சென்ற மெட்ராஸைத் தேடி எடுத்து, கோபுரம் மாதிரி உயர்த்திக் கட்டினார்கள். உத்தரவு போட்டவருக்கு வாயடைத்துப்போனது.

மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் தலைக்கட்டு ஒரு மொழியாகவே வளர்ந்தது. ஒரு முனை நீட்டிக் கட்டினால் மனசு இன்னும் யாருக்கும் இல்லை, இரண்டு முனை என்றால் நிச்சயமாகிவிட்டது, மூன்று என்றால் கல்யாணமானவள். நான்கு முனை கட்டினால் என்ன அர்த்தம் என்று அங்குள்ள பாட்டிமார் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்: ஆனாலும் முயற்சி செய்து பார். கடல் பயணத்தில் மங்கிய கட்டங்களுக்கு உயிர்கொடுக்க, தூரிகை எடுத்து மஞ்சள் சாயத்தைக் கோடு கோடாகக் கையாலேயே தீட்டுவார்கள். அதற்கென்றே தொழில்காரப் பெண்கள் இருந்தார்கள். தீட்டிக் காய்ந்த துணி விறைப்பாக நிற்கும், கட்டிய வடிவம் கலையாது.

1848இல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. அடுத்த ஆண்டே நஷ்டஈட்டுச் சட்டமும் வந்தது. நஷ்டஈடு அடிமையாக இருந்தவருக்கு அல்ல, அடிமையை வைத்திருந்தவருக்கு. விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டத்தை விட்டு மலைச்சரிவில் சொந்தத் துண்டு நிலம் தேடிப் போனார்கள். எழுந்துபோகும் உரிமை முதன்முதலாகக் கைக்கு வந்தது. அதை அப்படியே விட்டுவிட முதலாளிகளால் முடியுமா? வேலைப் புத்தகம், உள்ளூரிலேயே நடமாட ஒரு கடவுச்சீட்டு, வேலையில்லாமல் சுற்றினால் தண்டனை என்று 1850களில் கட்டுப்பாடுகள் வந்தன. அதுவும் போதவில்லை. கூலியை ஏறவிடாமல் அமுக்க வெளியிலிருந்து ஆள் வேண்டும்.

ஆள் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தக் கதை நம் வீட்டு வாசலுக்கே திரும்புகிறது. 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் மார்த்தினிக்கில் இந்தியக் கூலிகளை இறக்கியது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதே கப்பல் குவாதலூப்பில் இறக்கியது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஏறியவர்களில் தமிழர்கள் ஏராளம். மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்கு 40,000 பேருக்கு மேலும் போனார்கள். இவர்களுக்கும் முன்பணம் உண்டு. ஐந்து வருட ஒப்பந்தம். நடுவில் விலகினால் ஜெயில். இறங்கியவர்கள் முதலில் பார்த்திருக்கக்கூடியது கரையில் நின்ற கறுப்புப் பெண்களின் தலையில் இருந்த கட்டம்போட்ட துணியை. அவர்கள் ஊர்த் துணி அவர்களுக்கு நூறு வருடம் முன்பே அங்கே போய், அந்தஸ்தோடு உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கோ, வந்தவுடன் கிடைத்த பெயர் கூலி. விடுதலை பெற்ற கறுப்பினத்தார் தங்கள் கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று இவர்களைப் பகைத்தார்கள். தோட்ட முதலாளிகளுக்கு அந்தப் பகை ரொம்பவே உபயோகப்பட்டது. தீவில் பிறந்து வளர்ந்த இந்தியப் பிள்ளைகளுக்குக்கூட ஓட்டு இல்லை. ஹென்றி சிதம்பரம் என்ற குவாதலூப்காரர் 1904இல் இதற்காக அரசோடு வழக்காடத் தொடங்கினார். உரிமை கிடைக்க 1923 ஆயிற்று.

அமெரிக்கக் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1958இல் ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் ஆயிரக்கணக்கான கஜம் மெட்ராஸ் துணியைக் கஜம் ஒரு டாலர் என்று வாங்கிப்போனதாகவும், குளிர்ந்த நீரில் பதமாகத்தான் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றும், விற்றவரான கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் பிற்பாடு சொல்லிவந்தார். துவைத்ததும் சாயம் ஓடியது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து, சாயம் போவது குறையல்ல, ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம் காட்டும் அதிசயம், சாயம் கட்டாயம் போகும் என்று உத்தரவாதம் என்று எழுதினார்கள். விற்றுத் தீர்ந்தது. சாயம் போனால் நம் ஊர்க் கடைக்காரர் மூஞ்சியில் துணியை எறிவோம். அங்கே அதுவே விலையைக் கூட்டியது. எந்தக் குறை அழகு, எந்தக் குறை ஏமாற்று என்று தீர்மானிக்கிற இடம் தறியிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கிறது.

இன்றைக்கு வருவோம். கைலியைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, கைலி விசைத்தறியில் ஓடுகிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர் முதலாளியிடம் வாங்கும் முன்பணத்துக்குப் பாக்கி என்று பெயர். பாக்கியைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆள் பாக்கியோடு ஓடிவிட்டான் என்று முதலாளிகள் புலம்புவதும் உண்டு. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் குமாஸ்தாக்கள் எழுதிய கடிதங்களிலும் இதே புலம்பல்தான்.

அந்தத் தறிகளுக்கு நூல் கொடுக்கும் ஆலைகளில் இன்னும் மோசமான ஒன்று நடந்தது. தென் மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து, பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்து, பதினாறு பதினெட்டு வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வேறு. விடுதியில் தங்க வேண்டும், தனியாக வெளியே போகக் கூடாது, முடிவில் 30,000, 50,000 என்று ஒரு தொகை கல்யாணச் செலவுக்குக் கிடைக்கும். இரண்டரை வருடத்தில் பஞ்சுத்தூசி நெஞ்சை அடைத்து ஊருக்குத் திரும்பினால் அந்தத் தொகை பெரும்பாலும் கிடைக்காது. 2011 வாக்கில் இது வெளிநாடுகளில் அம்பலமானதும் பெரிய பிராண்டுகள் விளக்கம் சொல்ல ஓடின. பழைய நெசவாளிக்குப் பணம் முதலில் வந்தது. பிடிக்கவில்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக முடிந்தது. இந்தப் பெண்ணின் பணத்தைக் கடைசிவரை முதலாளியே வைத்திருந்தார். கடனும் இல்லை, தடியும் இல்லை, அவளுடைய கூலியே அவளைக் கட்டிப்போட்டது. இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் கம்பெனி குமாஸ்தாக்களைவிடக் கெட்டிக்காரர்.

எழுந்துபோகும் உரிமை அப்படியென்றால் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது? 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பார்த்தோம். ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகள் தைத்து முடித்த துணிக்கும்கூட ஆர்டரை ரத்து செய்தன. வங்கதேசத்தில் மட்டும் ரத்தானதும் நிறுத்திவைக்கப்பட்டதும் 300 கோடி டாலருக்கு மேல். பஞ்சு வாங்கியாயிற்று, நூலாயிற்று, துணியாயிற்று, சட்டையாயிற்று, சாவகாசமாக 'வேண்டாம்' என்றார்கள். தையல்காரப் பெண்கள் கூலி இல்லாமல் தவித்தார்கள். முன்பணமே தராமல், சரக்கு கைக்கு வந்த பிறகு பணம் என்ற ஒப்பந்தம் போட்டவனுக்கு இது ரொம்ப லேசு. 1730இல் சோழமண்டலத்து நெசவாளியிடம் இந்த நிபந்தனையைச் சொல்லியிருந்தால் ஆளைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

கைத்தறி முற்றாகச் சாகவில்லை. 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவும் அதைச் சார்ந்த வேலையும் செய்கிறவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அவர்களுடைய குறையை அரசிடம் எடுத்துச் சொல்ல இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலை 27ஆம் தேதி மத்திய அரசு கலைத்தது. பதினோராவது நாள், ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி தினம். வாழ்த்துச் செய்திகள் வழக்கம்போல வந்தன.